மூன்று நாள் விருந்தாளி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் உன் பச்சை வண்டியும் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதுகுவலி என்று எழுதியிருந்தாய். அந்த இருக்கையின் மெத்தையை மாற்று என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பெண்டு நிமிர்த்துகிறது. புதுக் கட்டடம் திறந்ததிலிருந்து ரத்த மாதிரிகள் வந்து குவிகின்றன. வீட்டுக்கு வந்தாலும் கையில் அந்த மருந்து நெடி போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் முதல் வாரத்தில் உன் வண்டி மூன்று நாளைக்கு வேண்டும். ஒரே விருந்தாளி. எழுபத்தொரு வயது. கடலோரச் சாலை முழுவதும் பார்க்க வேண்டுமாம்.

அது அப்பாதான்.

கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே. நான் அவரைக் கெஞ்சவில்லை. நீ அனுப்பியிருந்த விளம்பரத் தாள் என் மேசையில் கிடந்தது. "பழைய கார், தனி வழிகாட்டி, மூன்று நாள் கடலோரப் பயணம்." அதை எடுத்து இரண்டு தடவை படித்தார். "இதுல போகலாம்னு இருக்கேன்" என்றார். ஓட்டுகிறவர் யார் என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். நான் விருந்தாளி, அவன் டிரைவர். அதுக்கு மேல ஒரு பேச்சும் கிடையாது. சரின்னா போறேன்" என்றார்.

அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எல்லாம் முடிந்த மறுநாள் நீ வந்து நின்றாய். அப்பா உன்னை வெளிக்கதவோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து உங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. இப்போது அவராக வருகிறேன் என்கிறார். ஏன் என்று கேட்காமல் வரச் சொல்லிவிடு.

அவருக்குத் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, வெந்நீர் மட்டும் கையில் வைத்துக்கொள்.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்தபடி,
வாலு


பிப்ரவரி 12

அன்புள்ள வாலு,

நலம். மெத்தையை மாற்றிவிட்டேன். முதுகு இப்போது வேறு இடத்தில் வலிக்கிறது.

உன் கடிதத்தைக் கீழே போடவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆறு நாள் கழித்து நேற்றுதான் எடுத்தேன்.

வரட்டும். மார்ச் 4, 5, 6 ஒதுக்கி வைத்திருக்கிறேன். பச்சை என்னைவிடப் பதினோரு வயது மூத்தது, ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. மேல்கூரை துணிதான். காற்று அடிக்கும். தொப்பி கொண்டுவரட்டும். தங்குவதற்கு முதல் நாள் விரிகுடா ஓரத்து விடுதியில், இரண்டாம் நாள் மலை மேலே. எல்லா விருந்தாளிகளுக்கும் அப்படித்தான்.

அவர் சொன்னபடியே நடந்துகொள்கிறேன். எனக்கும் அதுதான் வசதி. விருந்தாளியிடம் பேசுவது என் தொழில். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது.

கேட்காதே என்றாய். இருந்தாலும் கேட்கிறேன். ஏன் இப்போது?

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணன்


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய வழிகாட்டி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருக்க விழைகிறேன்.

மார்ச் 4 காலை பத்து மணி பஸ்ஸில் வந்து சேருவேன். முன் இருக்கையில்தான் உட்காருவேன், பின்னால் குலுங்குவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஊர் பேர் தெரியாத கதைகளைச் சொல்லிப் பொழுதைப் போக்க வேண்டாம். நான் முப்பத்தெட்டு வருஷம் கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை பார்த்தவன். பொய்ச் சாட்சி வாயைத் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிடும். தங்கள் குடும்பத்தைப் பற்றி நான் விசாரிக்க மாட்டேன். என் குடும்பத்தைப் பற்றித் தாங்களும் விசாரிக்கலாகாது.

டயர்களை ஒரு தடவை பார்த்து வைக்கவும்.

தங்கள் விருந்தாளி


மார்ச் 9

அன்புள்ள வாலு,

அப்பா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். அலைச்சலில் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு நேற்று முழுதும் தூக்கம்தான்.

நீ எல்லாவற்றையும் கேட்பாய், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நேரே வந்து, "டிரைவர் நீங்கதானா?" என்றார். ஆமாம் சார் என்றேன். பிறந்ததிலிருந்து அவர் என்னை நீங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பையை வாங்கப் போனேன், தரவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் மாட்டியிருக்கும் உபரிச் சக்கரத்தைக் காலால் தட்டினார். ஹாரனின் ரப்பர் உருண்டையை ஒரு தடவை அமுக்கினார். அது வாத்து மாதிரிக் கத்தியது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் இன்னொரு தடவை அமுக்கினார்.

முதல் நாள் கலங்கரை விளக்கம். அங்கே விருந்தாளிகளுக்கு நான் ஒரு கதை சொல்வேன். விளக்குக்காரர் ஒருவர், கடலுக்குப் போன தம்பிக்காகப் பதினொரு வருஷம் பகலிலும் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார் என்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "இதைப் பார்த்த சாட்சி யாரு?" என்றார். யாரும் இல்லை சார் என்றேன். "அப்பத் தள்ளுபடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வளைவுச் சாலை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் நேரே கீழே கடல். கடல் உள்வாங்கியிருந்ததால் உடைந்த கப்பலின் கொதிகலன் மணலில் துருப்பிடித்துக் கிடந்தது தெரிந்தது. அப்பா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. ஏழாவது வளைவில் பச்சைக்குச் சூடேறி ஆவி கிளம்பிவிட்டது. ஓரம் கட்டினேன். நான் மூடியைத் திறப்பதற்குள் அவர் தகரக் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்விட்டார். விருந்தாளி செய்கிற வேலை இல்லை சார் இது என்று சொன்னேன். சும்மா உட்கார்ந்திருக்கத் தனக்கு வராது என்றார்.

வண்டி ஆறும்வரை தடுப்புச்சுவர்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"பயணத்துக்கு நடுவுல உங்களுக்கு ஒரு தந்தி வருதுன்னு வைங்க. வண்டியில விருந்தாளி இருக்காங்க. என்ன பண்ணுவீங்க?"

"திருப்பிடுவேன் சார். கிளம்பும்போதே அவங்ககிட்டச் சொல்லிடறது வழக்கம்."

"எப்பவும் அப்படித்தானா?"

"இல்ல. ஒரு தடவை திருப்பல. அதுக்கப்புறம்தான் இந்த வழக்கம்."

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். வெந்நீர் குடித்தார். குடிக்கக் கஷ்டப்பட்டார். பிறகு எழுந்து, வண்டி ஆறிவிட்டதா பாருங்கள் என்றார்.

மூன்றாம் நாள் எதிரொலிப் பாறை. அங்கே எல்லோரும் போய் விளிம்பில் நின்று எதையாவது கத்துவார்கள், அது எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அவரும் தனியாகப் போய் நின்று என்னவோ கூப்பிட்டார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். காற்று பலமாக இருந்ததால் காதில் விழவில்லை.

பஸ் ஏறும்போது, "நல்லா ஓட்டறீங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் குரல் ரொம்பக் கம்மிக் கிடக்கிறது. நல்ல டாக்டரிடம் காட்டு. உன் ஆஸ்பத்திரியிலேயே யாராவது இருப்பார்களே.

பதில் போடு.
அண்ணன்


மார்ச் 17

மதிப்பிற்குரிய வழிகாட்டி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். தங்கள் வண்டியும் நலமென்று நம்புகிறேன்.

பயணம் திருப்தி. வளைவுகளில் வேகம் சரியாக இருந்தது. மலை விடுதியில் சூப் ஆறிப்போயிருந்தது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல. கலங்கரை விளக்கக் கதையில் பதினொரு வருஷம் என்பதை ஒரு வருஷம் என்று மாற்றினால் யாராயிருந்தாலும் நம்புவார்கள்.

இரண்டாம் நாள் நான் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. நேரில் சொல்லியிருக்கலாம். மூன்று நாளும் வாய் வரை வந்தது. கொஞ்ச காலம் கழித்து எழுதுகிறேன்.

தங்கள் விருந்தாளி


ஏப்ரல் 4

அன்புள்ள வாலு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? நான் அவ்வளவு நீளமாக எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வழக்கமாக நீ எழுதுவதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு டீ ஆகும்.

அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விருந்தாளிக் கடிதம்தான். அதில் ஒரு இடம் எனக்கு விளங்கவில்லை. எதையோ நேரில் சொல்லியிருக்கலாம் என்கிறார். இனிமேல் நேரில் சொல்ல முடியாதா என்ன? வேண்டுமென்றால் நானே வருகிறேன். அவர் கதவைத் திறப்பாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.

இங்கே விருந்தாளிகள் வரத்து நிறைய. நாளைக்கு ஒரு பேராசிரியர் தம்பதி வருகிறார்கள். அந்த அம்மாவுக்கு உயரம் என்றால் பயமாம். கடலோர மலைச் சாலைக்கு எதற்கு வருகிறார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு வரியாவது எழுது.
அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

உன் இரண்டு கடிதமும் என் கைப்பையிலேயே இருந்தன. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நான் நலம். அப்பா தேறி வருகிறார். இதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும்.

ஏப்ரல் 8ஆம் தேதி அப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. உயிருக்கு இப்போது ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். ஆனால் அவர் இனிமேல் பேச மாட்டார்.

ஜனவரியில் அவர் தொண்டையிலிருந்து எடுத்த சதைத் துண்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. அதைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தது நான்தான். சொல்லவேண்டியவர் டாக்டர். ஆனால் இருபது தகடு பார்த்தவளுக்கே தெரியும், நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவள். வீட்டுக்கு வந்து அவருக்குச் சமைத்துப் போட்டேன். மறுநாள்தான் டாக்டர் சொன்னார்.

ஆபரேஷனுக்கு ஏப்ரலில்தான் தேதி கிடைத்தது. குரல் போய்விடும் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்த அன்றைக்குத்தான் உன் விளம்பரத் தாளை எடுத்துப் படித்தார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. சொல்லாமல் விட்டது என் முடிவு. சொல்லியிருந்தால் நீ அவரை நோயாளியாக வைத்துச் சேவகம் செய்திருப்பாய். அவருக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. உனக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

திட்டுவதென்றால் திட்டு. ஆனால் இப்போது வராதே. இந்தக் கோலத்தில் உன் முன்னால் உட்கார அவருக்கு மனசில்லை. எழுதிக் காட்டினார்.

மெத்தை இப்போதாவது சரியாக இருக்கிறதா?
வாலு


மே 8

வாலு,

நலம்.

நீ செய்தது சரியில்லை. நான் அவருக்குக் கப்பல் கொதிகலனைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். எதிரொலிப் பாறையில் அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று எழுதியிருந்தேன். விழுந்தது. என் பெயரைத்தான் கூப்பிட்டார். கோர்ட்டில் கூப்பிடுவது மாதிரி, இழுத்து, மூன்று முறை. குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்ப் பாறை திருப்பிக் கூப்பிட்டது. மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை. விருந்தாளி, டிரைவர் என்று அவர்தானே சொன்னார், அவர்தானே அதை உடைக்க வேண்டும் என்று இருந்தேன். அதற்குமேல் எப்படி உடைப்பார் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு என்ன சாப்பிட முடிகிறது என்று எழுது.

அண்ணன்


ஜூன் 3

என் மகனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். கஞ்சி இறங்குகிறது. வாலு என்னை ஒரு பச்சைக்குழந்தை மாதிரி அதட்டுகிறாள். திருப்பி அதட்ட முடியாதது பெரிய குறை.

ஒரு கடிதம் பாக்கி என்று சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். கோர்ட்டில் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறேன், சுற்றி வளைக்கிறவனை எனக்குப் பிடிக்காது. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா படுத்த மூன்றாம் நாள், உன்னை உடனே வரச்சொல்லித் தந்தி அடிக்கச் சொன்னாள். "உடனே" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் தந்தி ஆபீசுக்குப் போனேன். தாளை வாங்கினேன். உடனே வா என்று எழுதினால், இது அவ்வளவு பெரிய நோய்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, முடிந்தபோது வா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடித்தாயிற்றா என்று கேட்டாள். அடித்தாயிற்று என்றேன். அதுவும் பொய்யில்லை பார்.

நாலாம் நாள் போய்விட்டாள். வாலு வெளியூர்ப் பயிற்சியிலிருந்து அன்று மாலை வந்தாள். நீ ஆறாம் நாள் வந்தாய். கதவருகே உன்னைப் பார்த்ததும், நீ அந்தத் தந்தியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் நீட்டிவிடுவாய் என்று பயந்தேன். அதனால்தான் உள்ளே விடவில்லை. நீ எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு எனக்கு உன்னைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. அதைக் கோபம் என்று எல்லோரையும் நம்பவைத்தேன். நானும் பாதி நம்பினேன்.

இதை உன் வண்டியில் உட்கார்ந்து சொல்ல வந்தேன். வாய் இருந்தபோது சொல்ல வரவில்லை.

டயரில் காற்றுப் பார்த்து ஓட்டு.

அப்பா


ஜூலை 5

அன்புள்ள அண்ணா,

சுகமா? இங்கே அப்பாவுக்குத் தையல் நன்றாக ஆறிவிட்டது. கழுத்தில் ஒரு மெல்லிய துணி கட்டிக்கொண்டு கடைக்குக்கூடப் போகிறார். ஸ்லேட்டில் எழுதிக் காட்டி வாங்கி வருகிறார். கடைக்காரரிடம் நேற்று ஸ்லேட்டிலேயே சண்டை போட்டிருக்கிறார். எழுதி முடிக்கும்வரை அந்த ஆள் காத்திருந்து வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

ஒரு மாதத்துக்கு முன் உனக்கு ஒரு கடிதம் போட்டார். உறையை அவரே ஒட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து தினம் பதினோரு மணிக்கு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுக்கொள்கிறார். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் நாற்காலியை மடித்து உள்ளே வைக்கிறார்.

உனக்குக் கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. வெறும் உறையை மட்டும் அனுப்பினாலும் போதும் போலிருக்கிறது.

வாலு


ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தேறிவருவதாக வாலு எழுதினாள். கடைக்காரர் சங்கதியும் தெரிந்தது. நான் நலம்.

உங்கள் கடிதம் ஜூன் ஏழாம் தேதியே வந்துவிட்டது. படித்த அன்று உங்கள்மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அதனால் எழுதவில்லை. பிறகு கோபம் குறையக் குறைய வேறொன்று மேலே வந்தது. அதை எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

உங்கள் தந்தி மதியம் கைக்கு வந்தது. அப்போது வண்டியில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே, திரும்பிவிடலாம், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். நான்தான் பரவாயில்லை, அவசரம் என்று போடவில்லை என்றேன். இரண்டு நாள் அவர்களுக்குக் கடலைக் காட்டினேன். அந்தத் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே காட்டினேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த கோர்ட் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை ஓட்டப் போனதற்கு நீங்கள் பேசியதெல்லாம் அப்போது என் மனதில் இருந்தது. வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் "முடிந்தபோது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். "உடனே" என்று நீங்கள் எழுதியிருந்தாலும் வந்திருப்பேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சாட்சி கிடையாது.

கதவருகே நான் தந்தியை எடுக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. வண்டியிலிருந்த அந்த அம்மா திரும்பிப் போகச் சொன்னதை நீங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்றால் தந்தி அடியுங்கள்.

உங்கள் மகன்


ஜூலை 24

அன்புள்ள வாலு,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை பஸ்ஸிலேயே காலி செய்துவிட்டேன்.

நீ வேலையிலிருந்து வந்ததும், நாலு மணி நேரம் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று கேட்டாய். அப்பா முன்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் போனபோது அவர் வாசலில் நிற்கவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்லேட்டில் "உக்காரு" என்று முன்பே எழுதி வைத்திருந்தார். உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. என்ன சொல்வது என்று தெரியாமல், "அம்மாவோட கடைசி நாலு நாளைப் பத்தி எனக்கு யாருமே சொன்னதில்லப்பா" என்றேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். ஒரு ஸ்லேட் நிறைய எழுதி என் பக்கம் திருப்புவார். நான் படித்ததும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். படுத்த அன்று காலையிலிருந்து தொடங்கினார். யார் வந்தார்கள், அவள் என்ன சாப்பிட்டாள், எதற்குச் சிரித்தாள், எல்லாம். சாக்பீஸ் இரண்டு தீர்ந்தது. அவர் சட்டைக் கையெல்லாம் வெள்ளை. நடுவில் நான் டீ போட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதியது எதுவும் இப்போது எங்கும் இல்லை. நான் மட்டும் படித்திருக்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் நீயும் கேள். உனக்கும் அப்படியே எழுதுவார்.

ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நீயும் அங்கே இல்லை. ஒன்பது வருஷமாக நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். அம்மா கடைசியில் என்னைக் கேட்டிருப்பாள், வாசலைப் பார்த்திருப்பாள் என்று. அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து எழுதினார். மூன்றாம் நாள் என்னைக் கேட்டது உண்மை. ஆனால் கடைசியில் அவள் கேட்டது என்னையும் இல்லை, உன்னையும் இல்லை. "ஜன்னல் அடிச்சுக்குது, கொக்கியைப் போடுங்க" என்றாளாம். அப்பா எழுந்து கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான்.

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அப்பா ஸ்லேட்டைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவர் செப்டம்பரில் இங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன் என்கிறார். மாடிப்படி ஏறுவது அவருக்குச் சிரமம், அதனால் வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்து அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். காற்றில் தூசி வராமல் இருக்க வேறு என்ன செய்ய வேண்டும் என்று உன் டாக்டரிடம் கேட்டு எழுது.

நீயும் லீவு போட்டுவிட்டு வா.

அண்ணன்